சொந்த கெர்னலுக்கு எந்த கம்பைலர்?

நீங்கள் அனுப்பிய கேள்வியைச் சுருக்கினால் இதுதான். உபுண்டு லினக்ஸ் லேப்டாப்பில் 64-பிட் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஒன்றை சி-யில் எழுத ஆரம்பித்திருக்கிறீர்கள். சிஸ்டத்தில் ஏற்கெனவே இருக்கும் ஜிசிசி கம்பைலரை வைத்தே கம்பைல் செய்கிறீர்கள், திரையில் எழுத்தும் வந்துவிட்டது. ஆனால் போகிற இடமெல்லாம் "முதலில் கிராஸ் கம்பைலர் கட்டு" என்கிறார்கள், அதாவது தான் ஓடும் சிஸ்டத்துக்கு இல்லாமல் வேறொரு டார்கெட்டுக்கு (இலக்குக்கு) கோட் தரும் கம்பைலர். அது அவசியம்தானா, கிளாங் என்ற இன்னொரு கம்பைலரைப் போட்டால் அந்த வேலை மிச்சமா, நாளைக்குச் சொந்த யூசர் புரோகிராம்களை ஓட்டும்போது எல்லாவற்றையும் மாற்ற வேண்டி வருமா, கம்பைலரையே சொந்தமாக எழுதலாமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெர்னலுக்குக் கிளாங்கும் அதன் லிங்கர் (கம்பைல் ஆன துண்டுகளை ஒரே கோப்பாக ஒட்டுவது) எல்எல்டியும் போதும். நீங்கள் பின்பற்றும் பாடம் ஜிசிசியை வைத்து எழுதப்பட்டதென்றால் கிராஸ் ஜிசிசி கட்டுங்கள், அதுவும் நல்ல வழிதான். சிஸ்டம் ஜிசிசியை மட்டும் இப்போதே விட்டுவிடுங்கள். யூசர் புரோகிராம் கட்டத்தில் இதே கேள்வி திரும்ப வரும், அப்போது பதில் வேறு.

இனி காரணம். சிஸ்டத்தில் இருக்கும் ஜிசிசி வெறுமனே சி-யை மெஷின் கோடாக மாற்றித் தருகிற பொருள் இல்லை. அது லினக்ஸ் வீட்டுப் பிள்ளை. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டாலும், வரப்போகும் புரோகிராம் லினக்ஸில் ஓடும், பக்கத்தில் ஜிலிப்சி என்ற சி நூலகம் இருக்கும், ஒரு லோடர் வந்து முகவரிகளையெல்லாம் சரிசெய்து கொடுக்கும் என்று தானாகவே நம்பிக்கொள்கிறது. உங்கள் கெர்னலில் இதில் ஒன்றுகூடக் கிடையாது.

ஸ்டாக் (ஃபங்ஷன்கள் தம் வேரியபிள்களை வைக்கும் நினைவகம்) கெட்டுப்போனால் கண்டுபிடிக்கும் ஸ்டாக் புரொடெக்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். உபுண்டு ஜிசிசியில் அது கேட்காமலே ஆன் ஆகியிருக்கும். லோக்கல் அரே வைத்திருக்கும் ஒரு ஃபங்ஷன் தொடங்கும்போது, எஃப்எஸ் ரிஜிஸ்டர் காட்டும் இடத்திலிருந்து 40-ஆவது பைட்டில் உள்ள ஒரு ரகசிய எண்ணைப் படித்து ஸ்டாக்கில் வைக்கும். முடியும்போது அது மாறியிருக்கிறதா என்று பார்க்கும். லினக்ஸில் அந்த இடத்தில் த்ரெட்டுக்கான தகவல் இருக்கும், சரி. உங்கள் கெர்னலில் எஃப்எஸ்ஸின் பேஸ் இன்னும் பூஜ்யம். அதாவது கம்பைலர் போய்ப் படிப்பது முகவரி 40. பூஜ்ய முகவரிப் பக்கத்தை நீங்கள் மேப் செய்து வைத்திருந்தால் குப்பை ஏதோ கிடைக்கும், சத்தமில்லாமல் ஓடும். ஒரு மாதம் கழித்து நல்ல பிள்ளையாக அந்தப் பக்கத்தை அன்மேப் செய்வீர்கள். அன்றைக்குச் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு ஃபங்ஷனில் பேஜ் ஃபால்ட் (மேப் ஆகாத முகவரியைத் தொட்டால் வரும் பிழை) வரும்.

இன்னொன்று, க்ரப் என்ற பூட்லோடர் வழியாக பூட் செய்கிறவர்கள் அனைவரும் ஒருமுறையாவது முட்டிக்கொள்வது. க்ரப் கெர்னலை அடையாளம் காணும் மல்ட்டிபூட் ஹெடர் கெர்னல் கோப்பின் முதல் 8192 பைட்டுகளுக்குள் இருந்தாக வேண்டும் (மல்ட்டிபூட் 2 என்றால் 32768). லிங்கர் ஸ்கிரிப்டில் அதை முதலாவதாகத்தான் எழுதியிருப்பீர்கள். ஆனால் உபுண்டுவின் ஜிசிசி லிங்கரிடம் பில்ட்-ஐடி என்ற நோட் செக்ஷனையும் போடச் சொல்லும், கன்ட்ரோல்-ஃப்ளோ பாதுகாப்புக்காக இன்னொரு நோட் செக்ஷனையும் தானே சேர்க்கும். உங்கள் ஸ்கிரிப்டில் இவற்றுக்கு இடம் ஒதுக்கவில்லை என்பதால் லிங்கர் தன் இஷ்டத்துக்கு ஓர் இடத்தில் வைக்கும், பல சமயம் உங்கள் ஹெடருக்கு முன்னாலேயே. க்ரப் ஹெடர் இல்லை என்று சொல்லிவிடும். நீங்கள் ஹெடரில் உள்ள எண்களைத்தான் பத்து தடவை சரிபார்ப்பீர்கள். எண்களில் தப்பே இருக்காது.

பிஐஇ, அதாவது எந்த முகவரியிலும் ஏற்றக்கூடிய புரோகிராம் வடிவம், இதே ரகம். எக்ஸ்ஐவி6 தெரியும்தானே, எம்ஐடி மாணவர்களுக்குப் பாடம் நடத்தும் சின்ன இயங்குதளம். அதன் மேக்ஃபைலில் பிஐஇ-யை அணைக்கும் வரிகளுக்கு மேலே, இது உபுண்டு 16.10 டூல்செயினுக்காக (கம்பைலர், லிங்கர் தொகுப்பு) என்று கமென்ட்டே போட்டிருக்கிறார்கள். உபுண்டு அந்த வெளியீட்டில் பிஐஇ-யை வழக்கமாக்கியது, நேற்றுவரை ஒழுங்காக பில்ட் ஆன கெர்னலுக்கு இன்று தனி ஃபிளாக் வேண்டியதாயிற்று. சிஸ்டம் ஜிசிசியை நம்பியிருந்தால் இப்படித்தான், உங்கள் கெர்னலில் ஒரு வரியும் மாறாமலே உங்கள் கெர்னல் மாறிவிடும்.

"லினக்ஸ் கெர்னலையே சாதாரண ஜிசிசியில்தானே பில்ட் செய்கிறார்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். ஆமாம், செய்கிறார்கள். 1991-இல் வந்த முதல் லினக்ஸும் ஜிசிசியில்தான் கம்பைல் ஆனது. ஆனால் அந்த கெர்னலின் மேக்ஃபைலைத் திறந்து பாருங்கள். அணைக்க வேண்டிய ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அணைத்திருப்பார்கள். முப்பது வருடமாக ஒவ்வொரு விநியோகமும் ஒவ்வொரு கம்பைலர் வெளியீடும் கொடுத்த அடிக்கு ஒரு வரி வீதம் சேர்ந்தது அது. அந்த வேலையைச் செய்ய அவர்களிடம் ஆள் இருக்கிறது. உங்களிடம் சனி, ஞாயிறுதான் இருக்கிறது.

சரி, கிராஸ் கம்பைலர் வந்தால் எல்லாம் தீர்ந்துவிடுமா என்றால், இல்லை. இதைத்தான் பலரும் சொல்லாமல் விடுகிறார்கள். கம்பைலரின் நம்பிக்கைகள் இரண்டு வகை. ஒன்று இயங்குதளம் பற்றியது. மேலே சொன்னவை எல்லாம் அந்த வகை, கிராஸ் கம்பைலர் அவற்றைத் துடைத்துவிடும். மற்றது ப்ராசஸரின் ஏபிஐ பற்றியது, ஃபங்ஷன்கள் ஸ்டாக்கையும் ரிஜிஸ்டர்களையும் எப்படிப் பங்கிட்டுக்கொள்ளும் என்ற ஒப்பந்தம். அது கிராஸ் கம்பைலரிலும் அப்படியே இருக்கும்.

ரெட் ஜோனில் நான் பட்டதைச் சொல்கிறேன். ஒரு செக்சம் ஃபங்ஷன். ஒரு பஃபரைக் கூட்டி எண் தரும், அவ்வளவுதான். சில நூறு தடவைக்கு ஒருமுறை தப்பான எண் வந்தது. டைமர் இன்டரப்ட்டை (ஓடும் வேலையை இடைமறித்து ப்ராசஸரைக் கூப்பிடும் சமிக்ஞை) நிறுத்தினால் தப்பே வராது. சந்தேகப்பட்டு உள்ளே ஒரு பிரிண்ட் வரி போட்டேன், பிழை மாயமானது. எடுத்தேன், திரும்ப வந்தது. மூன்று இரவு போனது. கடைசியில் டிஸ்அசெம்பிளி பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது.

எக்ஸ்86-64-க்கான சிஸ்டம்-வி ஏபிஐ, ஸ்டாக் பாயின்ட்டருக்குக் கீழே 128 பைட்டுகளை யாரும் தொடமாட்டார்கள் என்று உறுதி தருகிறது. அந்த இடம்தான் ரெட் ஜோன். வேறு எதையும் கூப்பிடாத ஃபங்ஷன் அந்த உறுதியை நம்பி, ஸ்டாக் பாயின்ட்டரை நகர்த்தாமலே தன் வேரியபிள்களை அங்கே வைத்துக்கொள்ளும். டீபக் செய்ய வசதியாக நான் ஆப்டிமைசேஷனை அணைத்து வைத்திருந்ததால், கூட்டுத்தொகை உட்பட எல்லாமே ரிஜிஸ்டரில் இல்லாமல் அந்த இடத்தில்தான் கிடந்தது. யூசர் புரோகிராமில் இது பாதுகாப்பானது, ஏனென்றால் இன்டரப்ட் வந்தால் ப்ராசஸர் கெர்னல் ஸ்டாக்குக்குத் தாவிவிடும். கெர்னலுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும்போது இன்டரப்ட் வந்தால், தனி ஸ்டாக் கேட்டு வைத்திருந்தால் ஒழிய, அதே ஸ்டாக்கில், அதே இடத்தில், ஐந்து எட்டு-பைட் மதிப்புகளை ப்ராசஸர் தள்ளும். 40 பைட். என் கூட்டுத்தொகை அதன் அடியில் போயிற்று. பிரிண்ட் போட்டதும் ஏன் சரியானது என்றால், அப்போது அந்த ஃபங்ஷன் இன்னொன்றைக் கூப்பிடுகிறது, ஆகவே கம்பைலர் ரெட் ஜோனைப் பயன்படுத்தாமல் முறையாக ஸ்டாக்கை ஒதுக்கிவிட்டது.

நான் அப்போது பயன்படுத்தியது முறையாகக் கட்டிய கிராஸ் ஜிசிசி. அதில் குற்றம் ஒன்றுமில்லை. ரெட் ஜோன் வேண்டாம் என்ற ஃபிளாக்கை நான்தான் போடவில்லை. போட்ட பிறகும் ஒரு சின்னச் சிக்கல் மிச்சம் இருந்தது. ஜிசிசியோடு வரும் லிப்ஜிசிசி என்ற துணை நூலகம் ரெட் ஜோனோடுதான் கம்பைல் ஆகியிருக்கும். எக்ஸ்86-64-க்கு கிராஸ் ஜிசிசி கட்டுகிறவர்கள் அதன் மல்ட்டிலிப் (ஒரே நூலகத்தைப் பல விதமாகக் கட்டும்) அமைப்பில் ஒரு சிறு மாற்றம் செய்து, ரெட் ஜோன் இல்லாத லிப்ஜிசிசி ஒன்றையும் சேர்த்துக் கட்ட வேண்டும். 32-பிட் எக்ஸ்86-இல் ரெட் ஜோனே கிடையாது. பழைய பாடங்களில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாததற்கு அதுதான் காரணம்.

எஸ்எஸ்இ, அதாவது பல எண்களை ஒரே சமயத்தில் கையாளும் இன்ஸ்ட்ரக்ஷன்கள், இதன் ஒன்றுவிட்ட தம்பி. 64-பிட் எக்ஸ்86 என்றாலே எஸ்எஸ்இ2 உண்டு என்பதால், ஒரு ஸ்ட்ரக்சரைக் காப்பி செய்யக்கூட கம்பைலர் அதன் எக்ஸ்எம்எம் ரிஜிஸ்டரைத் தூக்கும். நீங்கள் அதை இன்னும் இயக்கி வைக்கவில்லை என்றால் தவறான இன்ஸ்ட்ரக்ஷன் என்று ப்ராசஸர் விழும். இயக்கி வைத்திருந்தால் இன்னும் மோசம், இன்டரப்ட் ஹேண்ட்லர் யூசர் புரோகிராமின் கணக்குகளைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டுப் போகும். பொது ரிஜிஸ்டர்கள் மட்டும் போதும் என்று சொல்லும் ஃபிளாக் ஜிசிசி, கிளாங் இரண்டிலும் இருக்கிறது. கெர்னல் முழுக்க அதைப் போடுங்கள். அப்புறம் கெர்னலை முகவரி வெளியின் கடைசி 2 ஜிபி-யில் வைக்கப் போகிறீர்கள் என்றால் கோட் மாடல் கெர்னல் என்று சொல்லவும் மறக்க வேண்டாம். இல்லையென்றால் லிங்கர் ரீலொகேஷன் பொருந்தவில்லை என்று நூறு வரி அழும்.

ஃப்ரீஸ்டாண்டிங் என்ற ஃபிளாக் போட்டால் கம்பைலர் எந்த நூலகத்தையும் எதிர்பார்க்காது என்று நினைக்காதீர்கள். அப்போதும் மெம்காப்பி, மெம்மூவ், மெம்செட், மெம்கம்ப் என்ற நான்கு நினைவக ஃபங்ஷன்களும் இருந்தே தீர வேண்டும் என்று ஜிசிசி எதிர்பார்க்கும், கிளாங்கும் அப்படியே. நீங்கள் கூப்பிடாவிட்டாலும் அது கூப்பிடும். இதில் ஒரு வேடிக்கை. மெம்செட்டை நாமே எழுதுவோம், ஒரு லூப், ஒவ்வொரு பைட்டாகப் பூஜ்யம் போடும். பழைய ஜிசிசிகள் ஆப்டிமைசேஷன் போட்டதும் அந்த லூப்பைப் பார்த்து, "அட, இது மெம்செட் ஆச்சே" என்று லூப்பை எடுத்துவிட்டு மெம்செட்டைக் கூப்பிடும் வரியாக மாற்றிவிடும். மெம்செட் மெம்செட்டைக் கூப்பிடும், அது மறுபடி, ஸ்டாக் தீரும்வரை. புதிய வெளியீடுகள் இந்த அப்பட்டமான கேஸைத் தவிர்க்கப் பார்க்கின்றன. ஆனாலும் அந்த நான்கு ஃபங்ஷன் உள்ள கோப்புக்கு மட்டும் லூப் பேட்டர்னைக் கண்டுபிடிக்கும் வேலையை அணைத்துவிடுவது நல்லது.

ஆகவே ஃபிளாக் பட்டியல் எப்படியும் உங்களுக்கு வேண்டும். கிராஸ் கம்பைலர் அந்தப் பட்டியலைப் பாதியாகக் குறைக்கிறது, அதோடு உபுண்டு அடுத்த வெளியீட்டில் என்ன செய்யும் என்ற கவலையை எடுத்துவிடுகிறது. இன்னொரு லாபமும் உண்டு. லினக்ஸ் ஹெடர் ஒன்றைத் தெரியாமல் இன்க்ளூட் செய்தால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள். சிஸ்டம் ஜிசிசியில் அது சமர்த்தாக உள்ளே வந்துவிடும், இரண்டு மாதம் கழித்துத்தான் தெரியும்.

இப்போது ஜிசிசியா கிளாங்கா.

ஜிசிசியில் ஒரு பில்ட் ஒரே ஒரு டார்கெட்டுக்குத்தான். கட்டும்போதே அதை முடிவு செய்துவிட வேண்டும். முதலில் பின்யூட்டில்ஸ் (அசெம்பிளர், லிங்கர் அடங்கிய தொகுப்பு), அப்புறம் ஜிசிசி, அதில் கம்பைலரையும் லிப்ஜிசிசியையும் மட்டும். ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், எம்பிசி என்ற மூன்று கணித நூலகங்கள் முன்கூட்டி இருக்க வேண்டும். மெஷினைப் பொறுத்து ஒரு காபியும் ஆகலாம், ஒரு சாப்பாடும் ஆகலாம். இதை ஒரு ஸ்கிரிப்டாக எழுதி ரிப்போவில் போட்டுவிட்டால் வாழ்நாளில் ஒருமுறை வேலைதான். மேக் வைத்திருந்தால் ஹோம்ப்ரூ பேக்கேஜ் மேனேஜரில் எக்ஸ்86-64-எல்ஃப் (எல்ஃப் என்பது பைனரி கோப்பு வடிவம்) ஜிசிசி கட்டியே கிடைக்கிறது. ஆர்ம், ரிஸ்க்-ஃபைவ் ப்ராசஸர்கள் என்றால் உபுண்டுவிலேயே வெறும் மெஷினுக்கான ஜிசிசி பேக்கேஜாக வருகிறது. சென்னை ஐஐடியின் சக்தி ப்ராசஸர் ரிஸ்க்-ஃபைவ்தான், அந்தப் பக்கம் போக ஆசை இருப்பவர்களுக்குப் பாதை திறந்தே இருக்கிறது.

கிளாங்கின் அமைப்பே வேறு. ஒரே பைனரிக்குள் எக்ஸ்86, ஆர்ம், ரிஸ்க்-ஃபைவ் எல்லாம் இருக்கும், எதற்கு வேண்டும் என்று டார்கெட் ஃபிளாக்கில் சொன்னால் போதும். கட்ட வேண்டியது எதுவும் இல்லை. டார்கெட்டை எக்ஸ்86-64-எல்ஃப் என்று கொடுத்த நொடியிலேயே அது லினக்ஸை மறந்துவிடும். நான் கிளாங்கைச் சிபாரிசு செய்வதற்கு இதுதான் முக்கியக் காரணம்: கட்டும் வேலை முழுதும் ஒரு வரியாகிறது, புதிதாக ஒருவர் உங்களோடு சேர வந்தால் அவரும் பத்து நிமிடத்தில் பில்ட் செய்துவிடுவார். மெஷினைத் தொடக்கிவைக்கும் ஃபர்ம்வேரான யூஇஎஃப்ஐ-க்கு நேரடியாக எழுதுகிறீர்கள் என்றால் கிளாங் இன்னும் சௌகரியம். யூஇஎஃப்ஐ கேட்பது விண்டோஸ் பாணி பிஇ கோப்பு, மைக்ரோசாஃப்ட்டின் காலிங் கன்வென்ஷன். அதே கிளாங்கிடம் விண்டோஸ் டார்கெட் என்று சொன்னால் பூட்லோடரைத் தரும், எல்ஃப் என்று சொன்னால் கெர்னலைத் தரும்.

சிக்கல் இல்லாமல் இல்லை. வெறும் எல்ஃப் டார்கெட்டோடு கிளாங்கையே லிங்க் செய்யச் சொன்னால், சில வெளியீடுகள் சத்தமில்லாமல் சிஸ்டம் ஜிசிசியைக் கூப்பிட்டு லிங்க் செய்யும். எதிலிருந்து தப்பித்து வந்தோமோ அங்கேயே திரும்பப் போய் நிற்பீர்கள். எல்எல்டியை நேரடியாகவே கூப்பிடுங்கள். லிப்ஜிசிசிக்கு இணையான கம்பைலர்-ஆர்டி உங்கள் வெறும் டார்கெட்டுக்குக் கட்டப்பட்டு வராது. 64-பிட் கெர்னலில் இது பெரிதாகக் கடிக்காது, 128-பிட் வகுத்தல் போன்ற அபூர்வமான இடத்தில்தான் தேவைப்படும். 32-பிட்டில் ஒரு 64-பிட் எண்ணை வகுத்தாலே அந்த நூலகத்தைத் தேடும். எக்ஸ்86-இல் லினக்ஸ் கெர்னல் லிப்ஜிசிசியை லிங்க் செய்வதில்லை, வகுத்தலுக்குத் தன் சொந்த மேக்ரோவை வைத்திருக்கிறது. வேண்டுமானால் நீங்களும் அப்படிச் செய்யலாம். லிங்கர் ஸ்கிரிப்டிலும், இடம் ஒதுக்காத செக்ஷனை எங்கே வைப்பது என்பதில் எல்எல்டிக்கும் குனு லிங்கருக்கும் கருத்து வேறுபாடு உண்டு. ஸ்கிரிப்டில் ஒவ்வொரு செக்ஷனையும் பெயர் சொல்லி எழுதிவிட்டால் தொல்லை இல்லை. மேக்கில் ஆப்பிள் தரும் கிளாங்கோடு எல்எல்டி வராது, தனியாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

பெரிய கெர்னலுக்குக் கிளாங் தாங்குமா என்ற பயம் பழங்கதை. ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளம் 2014 ஜனவரியில் வந்த 10.0-இல் எக்ஸ்86-க்குக் கிளாங்கையே வழக்கமாக்கியது. அதற்குப் பின்னால் இருந்தது லைசென்ஸ். 2007-இல் ஜிசிசி ஜிபிஎல் லைசென்ஸின் 3-ஆம் பதிப்புக்கு மாறியதும் ஃப்ரீபிஎஸ்டி கடைசி ஜிபிஎல் 2 வெளியீடான 4.2.1-லேயே வருடக்கணக்கில் நின்றுவிட்டது. உங்களுக்கு இந்தக் கவலை வேண்டாம். ஜிசிசியில் கம்பைல் செய்வதால் உங்கள் கெர்னல் ஜிபிஎல் ஆகாது, லிப்ஜிசிசிக்கும் அதற்கான விதிவிலக்கு உண்டு. லினக்ஸ் பக்கம் இழுபறி கொஞ்சம் நீண்டது. 2018-இல் 4.17-இலிருந்து எக்ஸ்86 கெர்னலுக்கு ஆஸ்ம்-கோட்டோ என்ற ஜிசிசி நீட்டிப்பு கட்டாயமானது, கிளாங்குக்கு அது 2019-இல் 9-ஆம் வெளியீட்டில்தான் வந்தது. இன்றைக்கு ஆண்ட்ராய்டும் குரோம்ஓஎஸ்ஸும் கிளாங்கில் கம்பைல் ஆன லினக்ஸைத்தான் அனுப்புகின்றன.

எதை எடுத்தாலும் வெளியீட்டு எண்ணை ரிப்போவில் எழுதிவையுங்கள். 2025-இல் வந்த ஜிசிசி 15, மொழியின் வழக்கமான பதிப்பை சி23 ஆக்கிவிட்டது. அதில் பூல் என்பது மொழியின் சொந்தச் சொல். "டைப்டெஃப் இன்ட் பூல்" என்று எழுதிவைத்த ஹாபி கெர்னல்கள் அன்று காலை கம்பைல் ஆகவில்லை. சி11 என்றோ சி17 என்றோ பதிப்பை வெளிப்படையாகச் சொல்லியிருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இனி இரண்டாம் முறை வரும் கேள்வி, யூசர் புரோகிராம்கள்.

கெர்னலுக்கு "எந்த இயங்குதளமும் இல்லை" என்று நம்பும் கம்பைலர் தேவைப்பட்டது. உங்கள் ஷெல்லுக்கும் எடிட்டருக்கும் "உங்கள் இயங்குதளம் இருக்கிறது" என்று நம்பும் கம்பைலர் தேவை. இரண்டும் வேறு வேறு. உங்கள் லிப்சி எங்கே இருக்கிறது, ஹெடர்கள் எந்த சிஸ்ரூட்டில் (டார்கெட்டின் கோப்புகள் உள்ள ஃபோல்டரில்) இருக்கின்றன, புரோகிராம் தொடங்கும் முன் எந்த ஆப்ஜெக்ட் கோப்பை ஒட்ட வேண்டும் என்பதெல்லாம் அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு மேக்ஃபைலில் ஃபிளாக்குகளாக இதையெல்லாம் கொடுக்கலாம், உங்கள் சொந்த ஐந்து புரோகிராம்களுக்கு அது போதும். அடுத்தவர் எழுதிய ஒரு பெரிய புரோகிராமை போர்ட் செய்ய (உங்கள் இயங்குதளத்துக்குக் கொண்டுவர) முயலும் நாளில்தான் மூச்சு முட்டும், ஏனென்றால் அதன் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் கேட்பது ஒரே கேள்வி: டார்கெட் பெயர் என்ன?

அந்தப் பெயரைக் கொடுப்பதுதான் இயங்குதளத்துக்கான சொந்த டூல்செயின். செரினிட்டிஓஎஸ் என்ற இயங்குதளம் செய்வது இதற்கு நல்ல முன்மாதிரி. பின்யூட்டில்ஸுக்கும் ஜிசிசிக்கும் சின்னச் சின்ன பேட்ச்கள், ரிப்போவுக்குள்ளேயே ஒரு ஃபோல்டரில். ஒரு ஸ்கிரிப்ட் மூலக்கோப்பை இறக்கி, பேட்ச் போட்டு, செரினிட்டி என்ற பெயரில் முடியும் டார்கெட்டுக்கு கம்பைலரைக் கட்டும். ஜிசிசியில் தொட வேண்டியது நாலைந்து கோப்புகள்தான்: டார்கெட் பெயரை அடையாளம் காட்டும் ஸ்கிரிப்ட், அது எந்த அமைப்புக்குப் போகும் என்ற பட்டியல், உங்கள் இயங்குதளத்துக்கான ஒரு குட்டி ஹெடர், லிப்ஜிசிசிக்கு ஒரு வரி. ஜிசிசியை முழுதாகக் காப்பி எடுத்து அதிலே கை வைக்காதீர்கள். பேட்ச் கோப்பாக வைத்திருந்தால் அடுத்த வெளியீட்டுக்கு மாறுவது ஒரு மாலை நேர வேலை. இந்தக் கட்டத்தில் எனக்கு ஜிசிசி மேல் மனத்தாங்கல் கிடையாது. போர்ட் செய்யும் மென்பொருளில் பெரும்பாலானவை அதை மனதில் வைத்து எழுதப்பட்டவை. கெர்னலைக் கிளாங்கிலும் யூசர் புரோகிராம்களை ஜிசிசியிலும் வைத்திருப்பதில் தப்பு ஒன்றும் இல்லை, சிஸ்டம் காலுக்கு அந்தப் பக்கம் எந்த கம்பைலர் என்று கெர்னலுக்குத் தெரியாது.

சி++ நூலகங்களைப் பைனரியாகக் கொடுக்க நினைத்தால் மட்டும் ஹைகு என்ற இயங்குதளத்தின் கதையை நினைவில் வையுங்கள். பழைய பிஓஎஸ் (BeOS) இயங்குதளத்தின் புரோகிராம்களை மறு கம்பைல் இல்லாமல் ஓட்டுவது அதன் குறிக்கோள். அந்தப் புரோகிராம்கள் ஜிசிசி 2.95 காலத்து சி++ ஏபிஐ-யில் உள்ளவை, 2001-இல் வந்த ஜிசிசி 3 அந்த ஏபிஐ-யை மாற்றிவிட்டது. அதனால் 32-பிட் ஹைகு இன்றும் 2.95-ஐத் தூக்கிச் சுமக்கிறது, கூடவே புதிய ஜிசிசி ஒன்றையும் வைத்துக்கொண்டு.

இதில் என் மனதுக்குப் பிடித்த ஏற்பாடு நெட்பிஎஸ்டி இயங்குதளத்துடையது. பில்ட் ஸ்கிரிப்ட் ஒன்று, அதை ஓட்டினால் முதலில் தனக்கு வேண்டிய கம்பைலர், லிங்கர் எல்லாவற்றையும் தன் மூலக்கோப்புகளிலிருந்தே கட்டிக்கொள்ளும், அப்புறம்தான் இயங்குதளத்தைக் கட்டும். நீங்கள் லினக்ஸில் இருந்தாலும் மேக்கில் இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. இந்த யோசனையைத் திருடிக்கொள்ளுங்கள்.

கம்பைலரையே சொந்தமாக எழுதலாமா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். பிளான் 9 இயங்குதளத்துக்கு யுனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்சன் எழுதினார், ஒவ்வொரு ப்ராசஸருக்கும் பெயராக ஓர் எழுத்தோ எண்ணோ, 386-க்கு 8, ஆர்முக்கு 5. அங்கே எல்லா கம்பைலரும் கிராஸ் கம்பைலர்தான், உள்ளூர், வெளியூர் என்ற பேதமே கிடையாது. கோ மொழியின் டூல்செயின் அந்த வம்சத்தில் வந்ததுதான். ஃபாப்ரிஸ் பெல்லார்ட் என்ற புரோகிராமர் தன் குட்டி சி கம்பைலரை வைத்து, மெஷின் பூட் ஆகும்போதே லினக்ஸ் கெர்னலை மூலக்கோப்பிலிருந்து 15 விநாடிக்குள் கம்பைல் செய்து ஓட்டிக் காட்டினார், 2004-இல். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அது இன்னொரு புராஜெக்ட். கெர்னலும் கம்பைலரும் சேர்ந்து உடைந்திருக்கும்போது பிழை எதில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது சாமானிய வேலையில்லை. சி-க்குப் பதில் ரஸ்ட் மொழி என்றால் பாதி வேலை முடிந்தே வரும். இயங்குதளம் இல்லாத எக்ஸ்86-64-க்கென்று தனி டார்கெட் இருக்கிறது, அதில் ரெட் ஜோன் ஏற்கெனவே அணைந்திருக்கும், எஸ்எஸ்இயும் அப்படியே.

இன்றைக்கு நீங்கள் செய்யக்கூடியது, கம்பைலரை மாற்றுவதற்கு முன்னாலேயே: இப்போதைய கெர்னல் பைனரியை ஆப்ஜ்டம்ப் என்ற கருவியில் பிரித்து எஃப்எஸ், எக்ஸ்எம்எம் என்ற இரண்டு சொற்களைத் தேடுங்கள். ரீட்எல்ஃப்பில் செக்ஷன் பட்டியலைப் பார்த்து, உங்கள் லிங்கர் ஸ்கிரிப்டில் இல்லாத பெயர் எதுவும் தலைகாட்டுகிறதா என்று பாருங்கள். லிங்க் செய்யும் முன் ஆப்ஜெக்ட் கோப்புகளை சிம்பல் பட்டியல் தரும் என்எம் கருவியில் போட்டு, ஸ்டாக் செக் ஃபெயில் என்ற சிம்பலை யாராவது கேட்கிறார்களா என்று பாருங்கள். அப்புறம் மேக்ஃபைலில் கம்பைலரின் பெயரை ஒரே ஒரு வேரியபிளில் வைத்து, அதைக் கிளாங்காக மாற்றி ஒருமுறை பில்ட் செய்யுங்கள். ஜிசிசி சொல்லாத பத்துப் பதினைந்து எச்சரிக்கைகள் வரும். அவற்றில் குறைந்தது இரண்டு உண்மையான பிழையாக இருக்கும், என் கெர்னலில் நான்கு இருந்தன.